பின்சில்லின் பற்கள்

இரத்மலானை என்றதும் நேயர்களின் மனக்கண்ணில் இரண்டு காட்சிகள் எழக்கூடும். ஒன்று, 1935ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற விமான நிலையம். மற்றது, புகையிரதப் பகுதியின் பெருந்தொழிற்சாலை. ஆகாயத்திற் பறப்பதும் தண்டவாளத்தில் ஓடுவதும் இவ்வூருக்குப் பெயர் தேடித் தந்தன. ஆயினும், அவ்விரண்டு வாசல்களுக்கும் காலையில் தொழிலாளரைக் கொண்டுவந்து, மாலையில் வீடு சேர்த்த துவிச்சக்கர வண்டியை எவரும் ஒரு பொருட்டாகக் கொள்வதில்லை. அந்த வண்டியிலும் மிகச் சிறியதோர் உறுப்பைப் பற்றியே இன்று பேசப் புகுகின்றேன். பின்சில்லின் குடத்தோடு ஒட்டி, சங்கிலியைப் பற்றி இழுக்கும் பற்சில்லே அவ்வுறுப்பு.

இப்பொருளை நான் தேடிச் சென்றேனல்லேன். அது என் பாடசாலை வாசலுக்கு வந்தது. 2022ஆம் ஆண்டு யூன் மாத இறுதியில் நாட்டில் எரிபொருள் அற்றுப்போய், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே அது வழங்கப்பெற்றதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பாடசாலைகள் மூடப்பட்டு மீண்டும் திறந்தபோது, மாணவரும் ஆசிரியரும் சைக்கிளில் வரத் தொடங்கினர். வெள்ளவத்தையிலிருந்து வரும் மாணவன் ஒருவனுக்கு, அவனுடைய தாயார் நகையை அடகுவைத்து, இருபத்தொரு கியர் கொண்ட புதிய மலைச் சைக்கிள் ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தார். ஓராண்டு கழிவதற்குள் ஒரு காலையில் அவன் முழங்காலில் இரத்தத்தோடு வந்து நின்றான். தெகிவளை மேம்பாலத்தில் எழுந்து நின்று மிதித்தபோது சங்கிலி பல்லை விட்டு நழுவி, அவன் முன்புறமாக விழுந்திருந்தான். பின்னால் வாகனம் எதுவும் நெருங்கி வராதது அத்தாயின் பாக்கியம்.

எங்கள் அலுவலக உதவியாளரோ அறுபதை நெருங்கியவர். தந்தை விட்டுச்சென்ற கறுப்பு நிற றலி வண்டியிலேதான் அவர் நாள்தோறும் வருவார். அன்று அவர் அந்தப் பையனின் வண்டியைத் தலைகீழாக நிறுத்திப் பார்த்துவிட்டு, “சேர், பல்லெல்லாம் கொக்கிமாதிரி வளைஞ்சு போச்சு. என்ர வண்டியில இதை நான் பார்த்ததே இல்லை” என்றார். ஒரேயொரு பற்சில்லோடு பழைய வண்டி இரண்டு தலைமுறை ஓட, ஏழு பற்சில்லுகள் கொண்ட புதிய வண்டி ஓராண்டிற் பழுதாவது எதனால்? மலிவான உருக்கு என்பது பாதி விடைதான். மற்றப் பாதி நூற்று நாற்பது ஆண்டு வரலாற்றில் இருக்கின்றது.

இன்று நாம் அறிந்த சங்கிலியின் மூலவடிவத்தை 1880ஆம் ஆண்டில் மஞ்செஸ்ரரில் ஹான்ஸ் றெனோல்ட் என்பவர் உருவாக்கினார். ஆணி, அதன்மேற் குழல், குழலின்மேற் சுழலும் உருளை என்னும் அமைப்பு அது. ஐந்து ஆண்டுகளின் பின், 1885இல், கொவென்றி நகரத்து ஜோன் கெம்ப் ஸ்ராலி, றோவர் என்னும் வண்டியிலே இரு சில்லுகளையும் ஏறத்தாழ ஒரே அளவாக அமைத்து, பின்சில்லைச் சங்கிலியால் ஓட்டினார். ஆதியில் பின் பற்சில்லு குடத்தோடு இறுகப் பொருந்தியிருந்தது. சில்லு சுழலும்வரை காலும் சுழலவேண்டும். இறக்கத்தில் கால்கள் படும் பாட்டைச் சொல்லவேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் காலத்தில் ‘பிறீவீல்’ பரவியது. உள்ளே இருக்கும் சிறு உருக்கு நாக்குகள், மிதிக்கும்போது பற்றிக்கொள்ளும். மிதியாதபோது ‘கிறுகிறு’ என்று ஒலித்து விட்டுக்கொடுக்கும்.

நம் நாட்டிற்கு வந்து சேர்ந்த றலி, ஹம்பர், றட்ஜ் முதலிய ஆங்கில வண்டிகள் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. றலியின் முன் பற்சில்லில் நாரைத் தலைகள் வெட்டப்பட்டிருப்பதை நம் வீட்டு முதியோர் பெருமையாகக் காட்டுவர். பின்னே ஒரு பற்சில்லு. அதன் பல்லின் தடிப்பு ஏறக்குறைய மூன்று மில்லிமீற்றர். சங்கிலியோ முன்னும் பின்னும் ஒரே நேர்கோட்டில் ஓடியது. பக்கவாட்டில் இழுபடாத சங்கிலி, தடித்த பல், சமதரையான கரையோர வீதி: மூன்றும் கூடிய இடத்தில் தேய்வு மெல்லவே வரும். கொழும்பின் கரையோரத்தில் வாழ்வோர்க்கு இதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை. நுவரெலியாவோ கடல் மட்டத்திற்கு 1,868 மீற்றர் மேலே இருக்கின்றது. அங்கே ஒற்றைப் பற்சில்லு வண்டியைப் பெரும்பாலும் மனிதனே தள்ளிக்கொண்டு போகவேண்டும்.

மேட்டு நிலத்தார்தாம் கியரைக் கேட்டனர். பிரான்சு தேசத்துச் சென்ற் எத்தியென் என்னும் தொழில் நகரத்தில் போல் டி விவி என்பவர் வாழ்ந்தார். ‘வெலோசியோ’ என்னும் புனைபெயரில் சைக்கிள் இதழொன்றை நடத்தினார். மலைகளின் நடுவே வாழ்ந்த அவர், ஒரே வண்டியில் பல பற்சில்லுகளைப் பொருத்திச் சங்கிலியை ஒன்றிலிருந்து ஒன்றிற்கு மாற்றும் முறைகளை விடாது சோதித்தார். இதனை எதிர்த்தவர், 1903இல் ‘தூர் டி பிரான்ஸ்’ ஓட்டத்தைத் தொடங்கிய ஹென்றி டெகிறான்ஜ். கியர் என்பது நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்க்கே உரியது என்று அவர் எழுதியதாகச் சொல்வர். அந்த வயதை எப்போதோ கடந்துவிட்ட எனக்கு இதில் மனக்குறை ஒன்றுமில்லை. ஆனால், அவருடைய பிடிவாதத்தால் அப்பேரோட்டத்தில் சங்கிலி மாற்றி 1937ஆம் ஆண்டுவரை அனுமதிக்கப்படாமலே இருந்தது.

ஆங்கிலேயர் வேறு வழி கண்டனர். 1903 அளவில் நொற்றிங்ஹாமில் விற்பனைக்கு வந்த ஸ்ரேமி ஆர்ச்சர் குடம், மூன்று கியர்களையும் தன் வயிற்றுக்குள்ளே வைத்து எண்ணெயில் ஊறவிட்டது. வெளியே தெரிந்தது ஒரேயொரு பற்சில்லுதான். சங்கிலி நேர்கோட்டை விட்டு அசையவில்லை. உறுதியை இழக்காமல் வசதியைப் பெறும் வழி இது. எனினும் அதன் எடையும், மூன்று என்னும் எல்லையும் மலையேறுவோர்க்குப் போதவில்லை. எனவே ஐரோப்பாவில், குறிப்பாகப் பிரான்சிலும் இத்தாலியிலும், வெளியே அடுக்கிய பற்சில்லுகளே வளர்ந்தன. உலகப் போர்களுக்குப் பின் நான்கு, ஐந்து, 1970களில் ஆறு, அடுத்த பத்தாண்டில் ஏழு என அவ்வடுக்கு உயர்ந்துகொண்டே சென்றது.

அடுக்கு உயர உயர ஓர் இடர் தோன்றியது. பிறீவீல் குடத்தின் மேல் திருகிப் பூட்டப்படுவது. அது அகலமாகும்போது, அச்சைத் தாங்கும் குண்டுகள் குடத்தின் உட்புறத்திலேயே நின்றுவிட, வெளியே நீண்ட அச்சு தாங்குவாரின்றி வளைந்தது. சில வேளை முறிந்தது. இதற்கு மாற்றுக் கண்டது, யப்பானிலே, வாளுக்கும் கத்திக்கும் பெயர்பெற்ற சக்காய் நகரத்தில் 1921ஆம் ஆண்டு சிமானோ என்பவர் தொடங்கிய பட்டறை. அப்பட்டறையின் முதற்பொருளே பிறீவீல்தான் என்பது குறிப்பிடத்தக்கது. 1978இல் அந்நிறுவனம் நாக்குகளைக் குடத்தோடு ஒன்றாக்கி, குண்டுகளை வெளிவிளிம்புக்குக் கொண்டு வந்தது. பற்சில்லுகள், குடத்தில் வெட்டிய நீளவரிகளின் மேல் ஒன்றன்பின் ஒன்றாக வழுக்கிச் செருகப்பெற்றன. அந்தச் செருகடுக்கிற்கே ‘கசெற்’ என்று பெயர் வந்தது. பிரெஞ்சு மொழியில் சிறு பேழை என்பது அதன் பொருள். நாம் பாட்டுக் கேட்ட கசெற்றுக்கும் இதற்கும் பெயரொற்றுமை தவிர உறவொன்றுமில்லை; ஆனால், இவ்விரண்டும் சந்தித்த இடம் ஒன்றுண்டு. அதனைப் பின்னர் சொல்வேன்.

இனி நான் சொல்லப் போவதை நேயர்கள் சற்றுக் கூர்ந்து கேட்கவேண்டும். ஏனெனில் பையனின் முழங்காற் காயத்தின் வேர் இங்கேதான் இருக்கின்றது. சிமானோவின் முதற்கால ‘யூனிகிளைட்’ கசெற்றில், நுனிச் சில்லு நீங்கலாக, பற்சில்லு ஒவ்வொன்றையும் கழற்றிப் புரட்டி மாட்டலாம். ஒருபுறத்துப் பல் தேய்ந்தால், தேயாத மறுபுறம் வேலைக்கு வரும். நம் தாய்மார் சட்டையின் கழுத்துப்பட்டி நைந்தபோது அதனைப் பிரித்துப் புரட்டித் தைத்துத் தந்தார்களே, அதே சிக்கனம். ஒரு பொருளுக்கு இரண்டு ஆயுள்.

1989 அளவில் ‘ஹைப்பர்கிளைட்’ வந்தது. முன்னர் எல்லாப் பற்களும் ஒரே வடிவின. சங்கிலியைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருந்தால் எங்காவது ஓரிடத்தில் அது ஏறிக்கொள்ளும். காலைத் தளர்த்தி, காதால் ஒலியைக் கேட்டு, கைப்பிடியைச் சிறிது முன்னும் பின்னும் அசைத்துச் சரிசெய்ய வேண்டும். அஃது ஒரு பழக்கக் கலை. 1984, 1985 அளவில் ஒவ்வொரு கியருக்கும் ஒரு சொடுக்கு என்னும் முறை வந்து, அக்கலையைத் தேவையற்றதாக்கியது. அதன் அடுத்த படியாக, ஹைப்பர்கிளைட்டில் சில பற்கள் வேண்டுமென்றே குட்டையாக்கப்பட்டன; சில சாய்த்து வெட்டப்பட்டன; சில்லின் பக்கங்களில் சங்கிலி ஏறிச் செல்லச் சரிவுகள் அமைக்கப்பட்டன. ஒரு சில்லின் சரிவும் அடுத்த சில்லின் பல்லும் ஒரே நேரில் அமைந்தாலே சங்கிலி தடுக்காமல் ஏறும். ஆதலால் வரிகளில் ஒன்றை அளவில் வேறாக்கி, ஒவ்வொரு பற்சில்லும் ஒரேயொரு நிலையிலேதான் பொருந்துமாறு செய்தனர். அன்றோடு புரட்டி மாட்டுதல் முடிந்தது. ஏற்றத்தில் மிதித்துக்கொண்டே கியர் மாற்றும் சுகம் வந்தது. இரண்டாவது ஆயுள் போயிற்று. இதனைப் பிழை என்று நான் சொல்லவில்லை. ஆனால், இது ஒரு கொடுக்கல் வாங்கல் என்பதை வாங்குவோர்க்கு எந்த விளம்பரமும் சொல்லிற்றில்லை.

மலைச் சைக்கிள் பிறந்தது இதற்குச் சில ஆண்டுகள் முன்னர். அமெரிக்காவின் கலிபோர்னியாவில், தமல்பாய்ஸ் மலைச்சாரலில், 1970களில் சில இளைஞர் பழைய, கனத்த வண்டிகளை மேலே கொண்டுசென்று மண்பாதையிற் பாயவிட்டனர். 1976இல் தொடங்கிய அவ்வோட்டத்திற்கு ‘றீபாக்’ என்று பெயர். ஒவ்வோர் இறக்கத்திலும் பின்குடத்தின் கிறீஸ் வெந்து புகையாகிவிட, அதனைத் திரும்ப அடைக்கவேண்டி இருந்தமையால் அப்பெயர் வந்தது. 1977இல் ஜோ பிறீஸ் என்பவர் இத்தகைய ஓட்டத்திற்கென்றே தனிச் சட்டம் அமைத்தார். 1996இல் அற்லாண்டா ஒலிம்பிக்கில் இது போட்டியாகவும் ஏற்கப்பட்டது. ஆனால், பற்சில்லுக்கு இதைவிடக் கொடிய வாழ்க்கை வேறில்லை. சேறும் மணலும் எண்ணெயோடு கலந்து அரத்தூள் போல் அராவும். செங்குத்தான ஏற்றத்திற்காக முன் பற்சில்லைச் சிறிதாக்குவர். நாற்பத்தெட்டுப் பல் கொண்ட முன்சில்லுக்குப் பதில் முப்பத்திரண்டு பல் வைத்தால், அதே காலின் மிதிக்குச் சங்கிலியில் ஒன்றரை மடங்கு இழுவிசை ஏற்படும். பின்னே பதினொரு பல்லே கொண்ட மிகச் சிறிய சில்லில் அவ்விசையைப் பகிர்ந்துகொள்ளும் பற்களோ மிகச் சில.

இதற்கிடையில் அடுக்கு மேலும் பெருகிற்று: எட்டு, ஒன்பது, பத்து. சில்லுக்கு இடம் விடாமல் எண்ணிக்கை மட்டும் பெருகினால் ஒவ்வொன்றும் மெலியத்தானே வேண்டும்! எட்டுச் சில்லுக்கான சங்கிலியின் அகலம் ஏறத்தாழ ஏழு மில்லிமீற்றர். பன்னிரண்டிற்கானது ஐந்தேகால் அளவு. பல்லின் தடிப்பும் இரண்டு மில்லிமீற்றருக்குக் கீழே இறங்கிவிட்டது. 2012இல் சிக்காகோவின் ஸ்றாம் நிறுவனம் பத்துப் பல் முதல் நாற்பத்திரண்டு பல் வரை பதினொரு சில்லுகள் கொண்ட கசெற்றை வெளியிட்டது. அதன் பெருஞ்சில்லு அலுமினியம். ஏனையவை ஒரே உருக்குக் கட்டியிலிருந்து கடைந்தெடுக்கப்பட்டவை. 2016இல் பன்னிரண்டு சில்லு, ஐம்பது பல் வரை. கைவேலைத் திறனுக்கு இவை எடுத்துக்காட்டுகள் என்பதில் ஐயமில்லை. நல்ல உருக்கும் நல்ல பதப்படுத்தலும் மெலிந்த பல்லையும் நெடுநாள் உழைக்கச் செய்கின்றன என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். ஆனால், அதிகம் ஓடும் ஒரு சில்லு மட்டும் தேய்ந்தாலும் முழுக் கட்டியையும் எறியவேண்டும். முற்காலத்துக் கடைக்காரர் பலகையில் ஆணியடித்துப் பற்சில்லுகளைத் தனித்தனியே தொங்கவிட்டு, வேண்டியதொன்றை மட்டும் கழற்றித் தந்த வழக்கம் மறைந்துவிட்டது.

உறுதி என்பது பொருளின் கடினம் மட்டுமன்று, கைக்கெட்டும் உதிரிப்பாகமும் ஆகும் என்பதை நம்மவர் நேரிற் கண்டவர்கள். யாழ்ப்பாணத்திலே 1990 முதல் 1995 வரை எரிபொருளுக்கும் மின்கலத்திற்கும் தடை இருந்த காலத்தில், சைக்கிளே ஊரின் வண்டியும் பாரவூர்தியும் நோயாளர் ஊர்தியும் ஆயிற்று. வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலி கேட்டனர். இளைஞர் பாட்டுக் கசெற்றும் கேட்டனர். முன்னர் நான் சொன்ன சந்திப்பு இதுதான். இந்த வானொலிப் பேச்சுகளின் பழைய நேயர் பலர் அவ்வாறு பின்சில்லைச் சுழற்றியே செய்தி அறிந்தவர்கள். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, முதியவரையும் மூட்டையையும் தாங்கியதும் அதே வண்டி. அக்காலத்தில் எவரும் இருபத்தொரு கியர் கேட்கவில்லை. எந்தச் சங்கிலியும் எந்தச் சில்லிலும் பொருந்தும் அரை அங்குல அளவு ஒன்றே அவர்களைக் காத்தது. ஒரு வண்டியின் கண்ணியைக் கழற்றி மற்றொன்றிற் கோக்கலாம். தேய்ந்த பல்லை அரத்தால் திருத்திச் சில நாள் ஓட்டலாம்.

தொழிலுலகமும் இவ்விழப்பை உணராமலில்லை. 2021இல் சிமானோ ‘லிங்கிளைட்’ என்னும் கசெற்றை வெளியிட்டது. அதன் பற்கள் அடியில் தடித்தவை. ஹைப்பர்கிளைட்டைவிட மூன்று மடங்கு ஆயுள் என்று அந்நிறுவனமே கூறுகின்றது. கியர் சற்று ஆறுதலாகவே மாறும் என்று ஓட்டிப் பார்த்தோர் சொல்வர். நாள்தோறும் வேலைக்குச் செல்வோரையும், மின்மோட்டார் பூட்டிய வண்டிகளின் கனத்த இழுப்பையும் கருதிச் செய்யப்பட்டது அது. முப்பதாண்டு விளம்பரங்களில் வேகத்திற்கு இருந்த இடத்தில் ஆயுள் என்னும் சொல் மீண்டும் வந்து அமர்ந்தது எனக்கு மகிழ்ச்சியே.

எங்கள் மாணவனின் வண்டிக்குத் திரும்புவோம். சங்கிலி ‘நீள்கின்றது’ என்று பொதுவாகச் சொல்வர். உண்மையில் உருக்குத் தகடு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியின் ஆணியும் குழலும் உராய்ந்து தேய, கண்ணிக்குக் கண்ணி இடைவெளி கூடுகின்றது. அரை அங்குலத்திற்கு வெட்டிய பற்களின் மேல் அரை அங்குலத்திற்கு மிஞ்சிய கண்ணிகள் ஓடும்போது, உருளை பல்லின் அடியில் அமராமல் மேலே ஏறி அமரும். பாரம் முழுவதும் ஓரிரு பற்களில் விழும். பல் கொக்கிபோல் வளையும். ஆகவே கசெற்றைக் கொல்வது பெரும்பாலும் கசெற்றன்று, உரிய காலத்தில் மாற்றாத சங்கிலியே. வளைந்த பல்லின் மேல் புதுச் சங்கிலியை மாட்டினாலும் அது நழுவும்.

இதனை அறிய விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. மாணவர் புத்தகப்பையில் இருக்கும் அடிமட்டமே போதும். புதுச் சங்கிலியில் இருபத்துநான்கு கண்ணிகள் சரியாகப் பன்னிரண்டு அங்குலம். சங்கிலியை இறுக்கிப் பிடித்து, ஓர் ஆணியின் நடுவில் சுழியை வைத்துப் பார்த்தால், கடைசி ஆணி பன்னிரண்டு அங்குலக் கோட்டை எவ்வளவு தாண்டுகின்றது என்று தெரியும். பதினாறில் ஒரு பங்கு தாண்டினால் சங்கிலியை மாற்றவேண்டும். பற்சில்லு பெரும்பாலும் பிழைக்கும். எட்டில் ஒரு பங்கு தாண்டிவிட்டால் இரண்டையுமே மாற்றவேண்டி வரும். அன்று அலுவலக வாசலில் அப்பையனின் சங்கிலியை நாங்கள் மூவருமாக அளந்தோம். எட்டில் ஒரு பங்கையும் அது கடந்திருந்தது.

அவனுடைய வண்டியில் இருந்தது கசெற்றுமன்று. திருகிப் பூட்டும் ஏழு சில்லுப் பிறீவீல். டாம் வீதிக் கடையொன்றில் அதற்குப் புதியதும் ஒரு சங்கிலியும் கிடைத்தன. விலையைக் கேட்டுத் தாயார் சிறிது நேரம் பேசாதிருந்தார், பின்னர் கொடுத்தார். அதன்பின் மாதத்தின் முதல் திங்கட்கிழமை, மணி அடிப்பதற்கு முன், வண்டிக் கொட்டிலில் பிள்ளைகள் அடிமட்டத்தோடு குனிந்து நிற்பது வழக்கமாயிற்று. அலுவலக உதவியாளர் தம் பழைய றலியையும் கொண்டுவந்து அளக்கச் சொன்னார். பதினாறில் ஒரு பங்கை அது தொட்டிருந்தது. “அப்பா போனபிறகு இதை நான் மாத்தினதில்லை, சேர்” என்று சொல்லிவிட்டு, அவர் அன்று மாலையே கடைக்குப் போனார்.